கொக்குக்காக மின்கம்பியைப் புதைத்த நாடு

இமயத்தில் பார்க்க எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பூட்டான் என்பேன். பனிச்சிகரம் நேபாளத்திலும் உண்டு. மடாலயம் லடாக்கிலும் உண்டு. அடர்காடு அருணாசலத்திலும் உண்டு. மலை, மடாலயம், காட்டுயிர் மூன்றையும் ஒரே பொறுப்பாக எடுத்துக்கொண்டு, ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வருகிற நாடு என்றால் என் மனசுக்கு பூட்டான்தான். அந்தப் பொறுப்பை அந்நாட்டின் அரசியல் சாசனத்திலும் பார்க்கலாம், ஒரு விவசாயியின் உருளைக்கிழங்கு வயலோரத்திலும் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து யாரைக் கண்டாலும் நான் பாடுவது பூட்டான் புராணம்தான்!

கேரளா அளவில் ஒரு மலைநாடு

பூட்டானின் பரப்பளவு 38,394 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய நம் பக்கத்துக் கேரளாவின் அளவு. கேரளாவில் 3 கோடிக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். பூட்டானில் 8 லட்சம்கூட இல்லை. தெற்கே அசாம் சமவெளியை ஒட்டிய எல்லையில் நிலம் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது. அங்கிருந்து வடக்கே நேராக அளந்தால் 170 கிலோமீட்டர் வாக்கில் திபெத் எல்லை வந்துவிடும். அந்தச் சின்னத் தூரத்துக்குள் நிலம் 7,500 மீட்டர் உயரத்துக்கு மேல் போய்விடுகிறது! யானையும் காண்டாமிருகமும் திரியும் புல்வெளியும், பனிச்சிறுத்தை நடமாடும் பாறைச்சரிவும் ஒரே நாட்டுக்குள் அடங்கியிருப்பதன் ரகசியம் இந்த ஏற்றம்தான்.

இந்த ஏற்றத்தை உடம்பால் உணர வேண்டுமென்றால் விமானத்தில் போகாதீர்கள். தரை வழியாகப் போங்கள். மேற்கு வங்கத்தில் ஹாசிமாரா ரயில் நிலையத்தில் இறங்கி, ஜெய்காவ் ஊர் வழியாக எல்லை வாயிலைத் தாண்டினால் ஃபுன்ட்ஷோலிங். வாயிலுக்கு இந்தப் பக்கம் ஹாரன் சத்தமும் தள்ளுமுள்ளும். அந்தப் பக்கம் நாலு எட்டு வைப்பதற்குள் சத்தம் அடங்கிவிடுகிறது. கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினால் மலை தொடங்கிவிடும். முதலில் வியர்க்கவைக்கும் வெப்பமண்டலக் காடு, வாழையும் மூங்கிலுமாக. பிறகு மூடுபனி. அதற்குப் பிறகு ஓக் மரங்கள். திம்புவை நெருங்கும்போது ஊசியிலைக் காட்டின் பிசின் வாசம் ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. 1960களில் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டுத் தந்த சாலை இது. அதற்கு முன்பு பூட்டானுக்குள் மோட்டார் வண்டிச் சாலையே கிடையாது. 1958-இல் பிரதமர் நேரு பாரோவுக்கு வந்தபோது நாதுலா கணவாயைக் கடந்து, மலைப்பாதையில் குதிரையிலும் யாக்கிலும்தான் வந்து சேர்ந்தார்.

தலைநகர் திம்புவில் போக்குவரத்து சிக்னல் விளக்கு இல்லை என்பது பலர் கேள்விப்பட்டதுதான். நேரில் பார்க்கும்போது அது தனி அழகு. நாற்சந்தியில் வண்ணம் தீட்டிய ஒரு மண்டபம். அதற்குள் வெள்ளைக் கையுறை போட்ட காவலர். அவர் கை அசைவுக்கு வண்டிகள் நிற்கின்றன, நகர்கின்றன. யாரும் ஹாரன் அடிப்பதில்லை!

ஏறக்கூடாத சிகரம்

திம்புவிலிருந்து கிழக்கே போனால் 3,100 மீட்டர் உயரத்தில் டோச்சுலா கணவாய். 108 சோர்ட்டென்கள், அதாவது சின்னச் சின்னப் புத்த நினைவுக் கோபுரங்கள், வெள்ளையும் சிவப்புமாக ஒரு மேட்டைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கின்றன. குளிர்காலத்தின் தெளிந்த காலையில் அங்கே போய் நின்றால் வடக்கு முழுவதும் பனிச்சிகரங்கள். அதில் ஒன்று காங்கர் புவென்சும், 7,570 மீட்டர். மனிதன் இதுவரை உச்சி ஏறாத மலைகளில் உலகிலேயே மிக உயரமானது இதுதான்.

1980களில் சில குழுக்கள் முயன்று முடியாமல் திரும்பின. பிறகு 1994-இல், 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏற அரசு தடை போட்டது. 2003-இல் மலையேற்றத்தையே முழுவதுமாக நிறுத்திவிட்டது. மலையுச்சிகள் தெய்வங்களின் இருப்பிடம் என்பது மலைக்கிராம மக்களின் நம்பிக்கை. அதற்கு அரசு கொடுத்த மரியாதை இது. சிகரம் ஏற வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கினால் எவ்வளவு வருமானம் வரும் என்பது பக்கத்திலிருக்கும் நேபாளத்தைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்று சொன்ன நாடு இது. டோச்சுலாவில் நின்று அந்தச் சிகரத்தைப் பார்த்தபோது எனக்குக் கைகூப்பத்தான் தோன்றியது.

வசந்தத்தில் போனால் இதே கணவாய்க்கு வேறு முகம். ரோடோடென்ட்ரான் மரங்கள் ரத்தச் சிவப்பில் பூத்துக் குலுங்கும். பூட்டானில் இந்தப் பேரினத்தில் 40-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று நாம் சொல்லும் மரமும் இதில் ஒரு வகையின் கிளையினம்தான். நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி கிடக்க, ஊட்டிப் பக்கம் பார்த்த அதே சிவப்பை இமயத்தில் பார்ப்பது என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா!

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

டோச்சுலாவிலிருந்து இறங்க இறங்கக் குளிர் கழன்றுகொள்கிறது. 1,200 மீட்டரில் புனாகா பள்ளத்தாக்கு. நெல் வயல், ஆரஞ்சு மரம், வாழை. ஃபோ சூ என்ற ஆண் ஆறும் மோ சூ என்ற பெண் ஆறும் கூடுகிற முனையில் நிற்கிறது புனாகா ஜோங்.

ஜோங் என்பது கோட்டை, மடாலயம், அரசு அலுவலகம் மூன்றும் சேர்ந்த கட்டடம். பூட்டானை ஒரே நாடாக ஒன்றுசேர்த்த ஷப்துருங் நவாங் நம்கியால் 1637-38-இல் இதைக் கட்டினார். உள்ளே சாய்ந்து எழும் வெள்ளைச் சுவர்கள். மேலே மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய மாடங்கள். முதல் முற்றத்தில் பெரிய போதிமரம். ஜகரண்டா பூக்கும் காலத்தில் வெள்ளைச் சுவரின் முன்னால் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆற்றின் மேல் மரப்பாலத்தைக் கடந்து அதை நோக்கி நடக்கும்போது நான் எத்தனை தடவை நின்று நின்று பார்த்தேன் என்று கணக்கே இல்லை. 1907-இல் பூட்டானின் முதல் மன்னர் உக்யென் வாங்சுக் முடிசூடியது இங்கேதான். இப்போதைய மன்னரின் திருமணம் 2011-இல் நடந்ததும் இங்கேதான். ஷப்துருங்கின் திருமேனியும் இதற்குள்ளேதான் பாதுகாக்கப்படுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு வழக்கம். குளிர்காலம் வந்ததும் மத்தியத் துறவியர் சபை, தலைமை மடாதிபதி ஜே கென்போவோடு சேர்ந்து, திம்புவை விட்டு வெதுவெதுப்பான புனாகாவுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. கோடை பிறந்ததும் திம்புவுக்குத் திரும்பும். நூற்றாண்டுகளாக இப்படித்தான். குளிருக்குப் பயந்து திபெத்திலிருந்து பறவைகள் இறங்கி வருகிற அதே பருவத்தில் துறவிகளும் மலையிறங்குகிறார்கள்!

ஆற்றின் கோபத்தையும் இந்த ஜோங் பார்த்திருக்கிறது. 1994 அக்டோபரில், வடக்கே லுனானா பகுதியில் லுக்யே என்ற பனியாற்று ஏரி உடைந்து, ஃபோ சூவில் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்தது. உயிர்ச்சேதமும் ஆனது, ஜோங்கும் அடி வாங்கியது. பிறகு பழைய முறைப்படியே சீர்செய்தார்கள். பனியாறுகள் உருகி ஏரிகள் பெருத்துவரும் காலம் இது என்பதால், ஆற்றோரத்தில் இப்போது வெள்ள எச்சரிக்கைக் கருவிகளும் உண்டு.

இந்த ஆற்றுப்படுகையில்தான் என் பறவைப் பட்டியலிலேயே பெரிய பொக்கிஷம் கிடைத்தது. வெண்வயிற்று நாரை. உலகம் முழுவதும் சில டஜன்கள்தான் மிச்சம். அதில் கணிசமான பங்கு பூட்டானின் ஆறுகளில். விடிகாலையில் கூழாங்கல் மேட்டில் ஒன்று நின்றிருந்தது. சாம்பல் நிறம், நீண்ட கழுத்து, நாலடி உயரம். பாறையோடு பாறையாக அப்படி ஒரு நிலை! தொலைநோக்கியைப் பிடித்த என் கைதான் நடுங்கியது. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கொத்து. அலகில் வெள்ளியாக மீன் துள்ளியது. வழிகாட்டித் தம்பி என் தோளைப் பிடித்துக் குலுக்கி, “சார், உங்களுக்கு நல்ல நேரம்” என்றார். அந்த ஊர்க்காரர்களுக்கே அபூர்வமான காட்சி.

போப்ஜிகா

இனி போப்ஜிகா. இந்த ஒரு பள்ளத்தாக்குக்காகவே பூட்டானுக்குப் போகலாம் என்று சத்தியம் செய்வேன்.

ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரம். பனியாறு குடைந்துவிட்டுப் போன அகலமான பள்ளம். அடியில் சதுப்பு நிலம். ஓரங்களில் உருளைக்கிழங்கு வயல்கள். மேட்டில் கங்டே மடாலயம். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் திபெத்தியப் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் இங்கே வந்து இறங்குகின்றன. மார்ச் வரை இருக்கும். வரும்போதும் போகும்போதும் கங்டே மடாலயத்தை மூன்று தடவை வலம் வந்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஊரார் சொல்கிறார்கள். மடாலய முற்றத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 11-ஆம் தேதி கொக்குத் திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளை இறக்கை கட்டிக்கொண்டு கொக்கு நடனம் ஆடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து ரசிக்கிறார்கள்.

நான் கொக்குகளைப் பார்த்தது சாயங்கால வேளையில், இயற்கைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் நடத்தும் பார்வையாளர் மையத்தின் தொலைநோக்கி வழியாக. சாம்பல் வெள்ளை உடல், கறுத்த கழுத்து, உச்சந்தலையில் மட்டும் சிவப்பு. குட்டை மூங்கிலின் வேர்களுக்காக ஈரமண்ணை அலகால் கிளறுகின்றன. ஒரு அடி எடுத்து வைக்கும், நிற்கும், கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்க்கும், மறுபடி கிளறும். தாயும் தகப்பனும் நடுவில் தவிட்டு நிறம் இன்னும் மாறாத குஞ்சுமாக ஒரு குடும்பம் மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒன்று தலையைப் பின்னால் சாய்த்துக் கூவியது. பள்ளத்தாக்கே எக்காளம் ஊதியது மாதிரி இருந்தது! அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் சேர்ந்துகொண்டன. பிறகு கூட்டம் கூட்டமாக எழும்பி, தூங்குவதற்காகச் சதுப்பின் நடுவில் ஆழமில்லாத தண்ணீரில் போய் இறங்கின. நரியும் நாயும் நெருங்க முடியாத இடம் அது.

இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. யாருக்குத்தான் வேண்டாம்? கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதுதான் சிக்கனம். மூடுபனியில் இறங்கும் கொக்குகள் கம்பியில் மோதிச் சாகுமே என்ற கவலை எழுந்தது. கொஞ்ச காலம் சூரிய மின்தகடுகளை வைத்துச் சமாளித்தார்கள். கடைசியில் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று பள்ளத்தாக்கில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் புதைத்தார்கள். இன்று வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, வானத்தில் ஒரு கம்பி இல்லை. நான் தங்கியிருந்த பண்ணைவீட்டு அம்மா அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே, “கொக்கு வராத வருஷம் விளைச்சல் நன்றாக இருக்காது” என்றார். அந்த அம்மாவின் நம்பிக்கையும், சங்கத்தின் பறவைக் கணக்கெடுப்பும், அரசின் மின்திட்டமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. பூட்டானை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

புலியும் டாக்கினும் பொன்னிற மந்தியும்

2008-இல் நடைமுறைக்கு வந்த பூட்டானின் அரசியல் சாசனம், நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் என்றென்றும் காடாக இருக்க வேண்டும் என்கிறது. இப்போது ஏறக்குறைய 70 சதவீதம் காடு. நாட்டில் பாதிக்கும் மேல் தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும், அவற்றை இணைக்கும் உயிரினப் பாதைகளும்தான். தெற்குப் பூங்காவில் பிறந்த புலி, வேலியோ ஊரோ குறுக்கிடாமல் வடக்குப் பூங்கா வரை நடந்து போவதற்காக ஒதுக்கிய காட்டுப் பாதைகள் அவை. பலன் கண்கூடு. 2015-இல் 103 ஆக இருந்த புலிகள் அடுத்த கணக்கெடுப்பில் 131 ஆகிவிட்டன. பனிச்சிறுத்தைகள் 96-லிருந்து 134. கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல் வைத்த கேமராக்களிலேயே புலி பதிவாகியிருக்கிறது! பனிச்சிறுத்தையின் எல்லைக்குள் வேங்கை நடக்கும் நாடு இது.

தேசிய விலங்கு டாக்கின். பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். மாட்டின் உடம்பு, ஆட்டின் முகம், புடைத்த மூக்கு, பின்னால் வளைந்த கொம்பு. 15-ஆம் நூற்றாண்டில் பிறந்த துறவி த்ருக்பா குன்லே ஒரு முழு மாட்டையும் ஒரு முழு ஆட்டையும் சாப்பிட்டுவிட்டு, ஆட்டின் தலையை மாட்டின் எலும்புக்கூட்டில் பொருத்தி “போய் மேய்” என்று தட்டிவிட்டதாகக் கதை. மரபணு ஆய்வு இதை ஆட்டினத்துக்கு நெருங்கிய சொந்தம் என்கிறது. திம்புவின் மோதிதாங் பகுதியில் இவற்றை அருகில் பார்க்கலாம். முன்பு அது ஒரு சின்ன விலங்குக்காட்சிச்சாலை. விலங்குகளை அடைத்து வைப்பது புத்தநெறிக்கு ஆகாது என்று நான்காம் மன்னர் திறந்துவிடச் சொன்னாராம். டாக்கின்களோ காட்டுக்குப் போகாமல் திம்புத் தெருக்களில் உலாவ ஆரம்பித்துவிட்டன. அதனால் காட்டுச் சரிவிலேயே அவற்றுக்கென்று விசாலமாக இடம் ஒதுக்கினார்கள்.

தெற்கே டிராங்சாவிலிருந்து ஷெம்காங் போகும் சாலையில் பொன்னிற மந்திகள். உலகத்தில் பூட்டானையும் அசாமையும் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. அசாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த இ.பி. ஜீ 1950களில் எழுதிய பிறகுதான் அறிவியல் உலகத்துக்கே இது தெரியவந்தது. அவர் பெயரையே அதன் அறிவியல் பெயரில் சேர்த்தார்கள். கறுத்த முகத்தைச் சுற்றிப் பொன்மயிர், தொங்கும் நீள வால். காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது கிளைக்குக் கிளை தங்கம் தாவுகிறது. வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் வாயடைத்து நின்றோம். தலைக்கு மேல் இருவாச்சிகள் ஜோடியாகச் சிறகடித்துப் போயின. எதைப் பார்ப்பது, எதை விடுவது!

புலிக்குகை

பாரோவின் தக்சாங் மடாலயத்தைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. செங்குத்துப் பாறையில் 3,120 மீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கட்டடம். 8-ஆம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலி மேல் ஏறிப் பறந்து வந்து இந்தக் குகையில் தவம் செய்தார் என்பது ஐதீகம். குகையைச் சுற்றிக் கட்டடம் எழுந்தது 1692-இல்.

ஏற்றம் மூச்சு வாங்கும். பயப்பட வேண்டாம், நிதானமாக ஏறினால் யாராலும் முடியும். பைன் மரங்களிலிருந்து பச்சைத் தாடி மாதிரி மரப்பாசி தொங்குகிறது. மரத்துக்கு மரம் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கின்றன. மேலே போனால் எதிர்ப்பாறையில் மடாலயம் கண்ணுக்கு நேராக வந்துவிடும். போய்ச்சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கும்போது படிகள் கீழே இறங்கும். அருவியைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். உள்ளே வெண்ணெய் விளக்கின் மணம், தேய்ந்து வழவழத்த பலகைத் தரை, சுவரெல்லாம் ஓவியம். 1998-இல் தீ விபத்தில் முக்கியக் கட்டடம் எரிந்துபோனது. அந்தப் பாறை விளிம்புக்கு மரத்தையும் கல்லையும் மேலேற்றி, பழைய வடிவத்திலேயே 2005-இல் கட்டி முடித்துவிட்டார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது முந்நூறு வருஷத்துக் கைவேலை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது.

கிளம்புங்கள்

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். பூட்டானில் மிளகாய் ஒரு காய்கறி! பச்சை மிளகாயைப் பாலாடைக்கட்டியோடு வேகவைத்த எமா தட்சி, பாரோவின் சிவப்பரிசிச் சோறு, உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர். இலையுதிர் காலத்தில் கிராமத்துக் கூரைகளெல்லாம் மிளகாய் காய்ந்து சிவந்து கிடக்கும். காரம் பழகிய நம் நாக்கு ஒரே நாளில் அவர்களோடு உறவாகிவிடும்.

இந்தியர்கள் போவது சுலபம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ இருந்தால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். அந்நாட்டு நாணயமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்பு. பெரியவர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். சிலருக்கு இது அதிகமாகத் தோன்றலாம். எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கூட்டம் மிதிக்காத காடும், குப்பை சேராத கணவாயும், இலவச மருத்துவமும் பள்ளியும் இந்த மாதிரிப் பணத்தில்தான் நடக்கின்றன.

பூப் பார்க்க ஏப்ரல், பறவையும் பனிச்சிகரமும் பார்க்க நவம்பர். பாரோ, திம்பு, புனாகா பார்த்ததோடு ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள். செலவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாவது போப்ஜிகாவில் இரண்டு இரவு தங்குங்கள்; முடிந்தால் டிராங்சா தாண்டித் தெற்கே இறங்குங்கள். பணக்கார நாடு இல்லை, பெரிய நாடும் இல்லை. ஆனாலும் சிகரத்தை ஏறாமல் விடவும், எரிந்த கோயிலைத் திரும்பக் கட்டவும், கொக்குக்காகக் கம்பியைப் புதைக்கவும் அதனால் முடிந்திருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்படியும் ஒரு நாட்டை நடத்தலாம் என்று அவர்கள் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்துவிடட்டும்!